வட்டெழுத்து வாசிப்பும் குற்றாலக் கற்களும்

தென்காசியிற் பராக்கிரம பாண்டியன் 1446-இல் எடுப்பிக்கத் தொடங்கிய விசுவநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளை, ஓரளவு பயிற்சியுடைய மாணவன் எழுத்துக்கூட்டியேனும் வாசித்துவிடுவான். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலநாதர் கோயிலின் வட்டெழுத்துக் கற்களின் முன்னர் அவனே திகைத்து நிற்பான். மொழி ஒன்றே, எழுத்து வேறு.

முதலாம் இராசராசன் (985–1014) பாண்டிநாட்டை வென்ற பின்னர் ஆங்குத் தமிழெழுத்து மேலோங்கிற்று. வட்டெழுத்து மெல்ல வழக்கொழிந்தது. குற்றாலக் கோயிலைப் புதுப்பித்த காலத்து, பழைய வட்டெழுத்துச் சாசனங்களைத் தமிழெழுத்திற் பெயர்த்தெழுதினர் எனக் கல்வெட்டறிஞர் கூறுவர். விளக்குக்கு விட்ட ஆடும் அமுதுபடிக்கு விட்ட நிலமும் வாசிப்பார் இல்லாத கல்லில் இருந்து பயன் யாது?

சப்பானியர் வரலாற்றிலும் இதற்கு ஒப்புமை உண்டு. சீன எழுத்துகளை விரைந்தெழுதிய வடிவங்களிலிருந்து, 9-ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்றது ஹிரகானா. ஓர் ஒலிக்குப் பல வடிவங்கள் வழங்கின. 1900-இல் ஒன்றே பள்ளிக்கு உரியதாயிற்று. ஆகவே இன்று ஹிரகானா நன்கறிந்த சப்பானியரும் 18-ஆம் நூற்றாண்டு நூலொன்றைத் தனிப்பயிற்சியின்றி வாசிக்கமாட்டார். அவர்தம் எழுத்தடைவோ நமக்குப் புதிதன்று. அ, இ, உ, எ, ஒ என உயிர்கள். க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என வரிசைகள். ஹகர வரிசை முன்னர்ப் பகரமாய் ஒலித்ததென்பர். அவ்விடத்திற் பகரத்தை வைத்தால் நம் நெடுங்கணக்கின் முறையே தோன்றும். பௌத்தர்வழிச் சென்ற சித்தமெழுத்துக் கல்வியே இதற்குக் காரணம். சுசுமு ஓனோ கூறிய தமிழ்–சப்பானிய மொழியுறவு வேறு. அஃது ஈண்டு நம் ஆய்வன்று.

பழைய கானா ஏடுகளிற் க, 'ga' என்னும் ஒலிவேறுபாட்டைக் காட்டும் இருகோட்டுக் குறி பெரும்பாலும் இடப்படுவதில்லை. சொல்லறிந்தே ஒலித்தல் வேண்டும். வட்டெழுத்திலும் புள்ளி அரிது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நிற்கும். பிற்காலக் கற்களிற் பகர வகரங்கள் தம்முள் மயங்கும். எனவே எழுத்துப் பட்டியலை மனப்பாடம் செய்து கல்லின்முன் செல்வோர் இடர்ப்படுவர். மதிரை கொண்ட கோப்பரகேசரி, யாண்டு என்றாற்போலும் நிலைத்தொடர்களை முதலிற் கண்டு, அவற்றால் எழுத்தைத் துணிந்து, பின்னரே ஊர்ப்பெயர்க்கும் அளவுக்கும் செல்லுதல் தக்கது.

பெயர்த்தெழுதியவரும் இம்மயக்கங்களுக்கு ஆட்பட்டவரே. பகரத்தை வகரமாகக் கொண்டிருப்பின் ஊரே மாறும். படி கிடைத்துளதென்று மூலக்கல்லைக் கைவிடுதல் ஆகாது என்பது நம் கருத்து. 1956 வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த செங்கோட்டைப் பக்கத்துச் சாசனங்களையும் உடன்வைத்துக் காண்டல் வேண்டும். மலைக்கு மேற்கே வட்டெழுத்து நெடுங்காலம் வழங்கிற்று.