சிகாகோவின் குண்டெழுத்து

1922இல் சிகாகோவில் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பு நிறுவனம் ஒரு புது ஈய எழுத்தை விற்பனைக்கு விட்டது. கன்னம் உப்பி, மூலை முடுக்கெல்லாம் மழுங்கி, மையை மடமடவென்று குடிக்கும் எழுத்து. பெயர் கூப்பர் பிளாக்.

வரைந்தவர் ஆஸ்வால்ட் கூப்பர். கான்சாஸில் வளர்ந்து, படம் போடப் படிக்கலாம் என்று சிகாகோ வந்தவர். அங்கே ஃபிரெடெரிக் கௌடியிடம் எழுத்து வரையக் கற்றதும் கை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பிறகு கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து விளம்பரத் தொழில். தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்காக, கிட்டப்பார்வையுள்ள அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்காக இந்த எழுத்து என்று அவரே கிண்டலடித்திருக்கிறார். கடைக்காரன் குரலில் பேசுவதற்கென்றே பிறந்தது. அதில் அதற்குக் கூச்சமும் கிடையாது. அது விற்ற விற்பனையைப் பார்த்துப் போட்டி நிறுவனமான மோனோடைப், கௌடியையே பிடித்து அதே சாயலில் ஒன்று வரையவைத்தது. 1925இல் வந்த கௌடி ஹெவிஃபேஸ் அதுதான். சீடனைப் பார்த்து குரு வரைந்த கதை.

பிறகு காற்று மாறியது. ஃபியூச்சரா போன்ற, கோணமும் வட்டமுமாக வெட்டிவைத்த எழுத்துகள் நாகரிகமாயின. 1940இல் கூப்பர் இறந்தார்.

அவருடைய எழுத்துக்கு மறுபிறவி கொடுத்தது, ஈயத்துக்குப் பதில் ஃபிலிமில் எழுத்தைக் கோக்கும் ஒளி அச்சுக்கோப்பு. ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனிக் கட்டை. இரண்டு கட்டைகள் ஒன்றையொன்று தொடலாமே தவிர, ஒன்றின் இடத்துக்குள் மற்றது நுழைய முடியாது. ஃபிலிமில் அந்தத் தடை இல்லை. 1960களின் வடிவமைப்பாளர்கள் எழுத்துகளை நெருக்கி, உரசவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி விளையாடினார்கள். அந்த நெரிசலில் கூர்மையான எழுத்துகள் முட்டிக்கொள்ளும். கூப்பர் பிளாக்கோ உருண்டையானது, இடித்தாலும் இதமாகவே ஒட்டிக்கொள்ளும். தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களிலும் அது வந்ததால், அச்சகப் பக்கமே போகாதவர்கள் கைக்கும் எட்டியது.

1966இல் பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையில், ஆடுகளுக்குத் தீனி கொடுக்கும் படத்துக்கு மேலே பச்சைப் பட்டையில் உட்கார்ந்தது. 1970களில் இஸ்திரிச் சூட்டில் டி-சட்டையில் ஒட்டும் எழுத்தானது. கூர்முனை சீக்கிரம் உரிந்து கிளம்பும், மழுங்கிய ஓரம் தாங்கும். அங்கேயும் அதன் குண்டு உடம்புதான் கைகொடுத்திருக்க வேண்டும். பிரிட்டனின் 'டாட்ஸ் ஆர்மி', அமெரிக்காவின் 'டிஃபரென்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்று தொலைக்காட்சித் தலைப்புகளிலும் ஏறியது. அதில் எழுதினால் எந்தப் பெயரும் கொஞ்சம் சிரித்த முகமாகிவிடுகிறது. இரங்கல் செய்திக்கு மட்டும் ஆகாது.

1995இல் மலிவுக் கட்டணத்தில் பறக்கத் தொடங்கிய ஈஸிஜெட், தன் பெயரை எழுத இதையே எடுத்துக்கொண்டது. விமான நிறுவனங்கள் பொதுவாக மெலிந்த, சாய்ந்த, வேகம் காட்டும் எழுத்தையே தேடும். இவர்களுக்கு வேகத்தைவிட விலைதான் பேச்சு. விலையைக் கூவிச் சொல்ல, ஆரஞ்சு நிறத்தில் இந்தப் பழைய கடைக்கார எழுத்தைவிட வேறெது பொருந்தும்?