ஒளியில் இறுகும் பசையும் தமிழ்ப் புள்ளியும்

சாத்தம் என்னும் ஊர்ப்பெயரில் இரண்டு புள்ளிகள் உள்ளன. சென்ற மாதம் இங்குள்ள ஒரு பள்ளியின் ஓவிய வகுப்பில் மாணவர்கள் அச்சிட்ட சுவரொட்டியில் அவ்விரண்டும் காணாமற்போய், 'சாததம' என்று நின்றது. எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தார். நானும் பார்த்துக் கொடுத்திருந்தேன். மூலப் படத்தில் புள்ளிகள் இருந்தன. அச்சில்தான் இல்லை.

சுவரொட்டி 1883இல் தொடங்கப்பட்ட சாத்தம் மரஅறுப்பு ஆலையைப் பற்றியது. அந்தமானின் வழக்கப்படி தமிழ், இந்தி, வங்காளம் என மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். இழப்பு தமிழுக்கு மட்டும் நேரவில்லை. வங்காள எழுத்தில் ரகரத்துக்கும் பகரத்துக்கும் வேறுபாடு கீழே இடும் ஒரு புள்ளியே. மரஅறுப்பு ஆலையைக் குறிக்கும் 'கராத்கல்' என்ற வங்காளச் சொல் அதனால் 'கபாத்கல்' ஆகிவிட்டது. மரத்தைக் குறிக்கும் இந்திச் சொல்லிலும் டகரத்தின் கீழ்ப்புள்ளி மறைந்திருந்தது. மூன்று எழுத்துமுறைகளிலும் ஒரே உறுப்பு, ஒரே வகையில் அழிந்தது தற்செயலாக இருக்க முடியாது என்று தோன்றியதால்தான் இந்தப் பதிவு.

ஸ்கிரீன் பிரிண்டிங் செய்முறையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின்மேல் எமல்ஷன் எனப்படும் ஒளியுணர் பசையை இருட்டறையில் பூசி உலர்த்துவார்கள். எழுத்தைக் கறுப்பாகக் கொண்ட ஒளிபுகும் தாளை அதன்மேல் வைத்து ஒளியில் காட்டுவார்கள். ஒளி பட்ட பசை இறுகிவிடும். எழுத்தின் நிழலில் இருந்த பசை தண்ணீரில் கரைந்து வெளியேறும். அவ்வாறு திறந்த கண்கள் வழியே மையை ரப்பர்த் தகட்டால் இழுத்தால் எழுத்து தாளில் இறங்கும்.

முதல் நாள் மழை. இங்குள்ள ஈரக்காற்றில் பசை முழுதாக உலரவில்லை. உலராத பசை சரியாக இறுகாது. கழுவியபோது எல்லாமே கரைந்து போயிற்று. மறுநாள் வெயில் வந்ததும், அந்த அனுபவத்துக்கு அஞ்சி மூன்று நிமிடம் காய வைத்தார்கள். மிகுதியான ஒளி வெள்ளை வலையின் இழைகளில் சிதறி, நிழலின் ஓரங்களுக்கு அடியிலும் புகும். பெரிய எழுத்தின் கோடு அதனால் சற்றே மெலியும், அவ்வளவுதான். புள்ளியோ நான்கு பக்கமும் நெருக்கப்பட்டு மூடிக்கொள்ளும். சென்டிமீட்டருக்கு 43 இழை கொண்ட வலையில் இழைக்கு இழை இடைவெளி ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு அதில் குறுக்காக இரண்டு கண்கள்தான் கிடைக்கும். அவையும் இறுகிவிட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடுகிறது.

தமிழ் எழுத்து வரலாற்றை அறிந்தவர்களுக்கு 'சாததம' புதிய வடிவம் அன்று. ஓலைச்சுவடி எழுதியவர் இவ்வூர்ப் பெயரை எழுதியிருந்தால் ஏறத்தாழ இப்படித்தான் எழுதியிருப்பார். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு காட்டாத வழக்கால் 'சரததம' என்றும் அதைப் படிக்க இடமிருந்திருக்கும். மெய்யும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் பிற்கட்டத்தைப் பிரித்தறிய ஐராவதம் மகாதேவன் கொண்ட அடையாளங்களுள் புள்ளியும் ஒன்று. ஆயினும் நமக்குக் கிடைத்துள்ள சுவடிகளில் அது பெரும்பாலும் இல்லை. எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்பது வழங்கிவரும் விளக்கம். அது மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ணகரத்தின் சுழிகளை அவ்வளவு நுட்பமாகக் கீறிய கைக்குச் சிறு வட்டம் ஒன்று கீறுவது அரிதன்று. படிப்பவர் தமிழ் அறிந்தவர், புள்ளியை மனத்தால் இட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கையும் அதில் பங்கு பெற்றிருக்க வேண்டும். 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களின் உழைப்பில் ஒரு பகுதி, அப்படி விடப்பட்ட புள்ளிகளைத் திரும்ப இடுவதாகவே இருந்தது.

அந்த மாணவர்கள் பூசிய பசைக்கும் தனி வரலாறு உண்டு. கலை வரலாற்று நூல்கள் அதை 1962இல் ஆண்டி வார்ஹால் பட்டுத்திரையில் ஒளிப்படங்களை அச்சிட்டதோடு சேர்த்துச் சொல்லும். வேதியியல் அதைவிட மிகப் பழையது. பொட்டாசியம் டைகுரோமேட்டில் தோய்த்த தாள் ஒளியில் மாறுகிறது என்பதை 1839இல் மங்கோ பாண்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் கண்டறிந்தார். அவ்வுப்புக் கலந்த ஜெலட்டின் ஒளி பட்டால் கரையாமற்போவதை 1852இல் ஃபாக்ஸ் டால்பட் செதுக்கு அச்சுக்குப் பயன்படுத்தினார். 1855இல் அல்ஃபோன்ஸ் புவாத்தவன் அதைக் கல்லச்சுக்குக் கொண்டு சென்றார். அதே பத்தாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நில அளவைத் துறையை நடத்திய ஹென்றி ஜேம்ஸ் வரைபடங்களைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்ற இம்முறையைக் கையாண்டார். விரைவில் அது கல்கத்தாவுக்கும் வந்தது. இந்திய நில அளவைத் துறையின் ஒளிப்படப் பிரிவை 1866 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸ் இத்துறையில் உலகறிந்த ஆய்வாளர். பேரரசின் வரைபட அறையில் வளர்ந்த பசை அது.

நம் துறைக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி அடுத்தது. 1888இல் தொடங்கிய 'எபிகிராபியா இண்டிகா'வில் கல்வெட்டு மைப்படிகளின் படத்தகடுகள் வந்தன. அவற்றுள் பலவற்றின் அடியில் லண்டன் அச்சாளர் வில்லியம் கிரிக்ஸின் பெயரைக் காணலாம். ஒளிப்படத்தைக் கல்லுக்கு மாற்றிய அந்தக் காலத் தொழிலின் அடிப்படையும் ஒளியில் இறுகும் பசையே. கல்வெட்டில் ஒரு குழி எழுத்தின் புள்ளியா, உளி தவறிய பள்ளமா, மழை அரித்த பொள்ளலா என்பதைத் தகட்டைக் கொண்டு முடிவு செய்தவர்கள், தாம் அறியாமலேயே, எங்கோ ஓர் அச்சாளர் தகட்டுக்கு எவ்வளவு நேரம் ஒளி காட்டினார் என்பதையும் நம்பியிருந்தார்கள். கல்வெட்டுத் தகட்டைச் சான்றாகக் காட்டும்போது அதன் அச்சுமுறையையும் குறிப்பிடும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் இல்லை. என் ஆய்வேட்டிலும் இதுவரை இருக்கவில்லை.

திரைக்கு இந்தப் பசை பின்னர்தான் வந்தது. அதற்கு முன் வெட்டுத்தகடே இருந்தது. தாளில் எழுத்தை வெட்டினால் 'ப'வின் உள்ளிடம் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும். ணகரச் சுழிக்குள் இருக்கும் துண்டோ தனித்தீவாகிக் கீழே விழும். அதைத் தாங்க இடையிடையே பாலம் விட வேண்டும். சாத்தம் துறையில் இறங்கும் மரப்பெட்டிகளின் எண்களில் அந்தப் பாலங்களை இன்றும் பார்க்கிறேன். ஜப்பானியத் துணி அச்சாளர்கள் தீவுகளைப் பட்டிழைகளால் கட்டி நிறுத்தினார்கள். 1907இல் மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்ற முறையில் வலைத்துணியே தாங்கியாயிற்று. அடுத்த பத்தாண்டில் அமெரிக்க அச்சாளர்கள் டைகுரோமேட் பசையை அவ்வலையில் பூசினார்கள். அச்செழுத்து வார்க்க வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதில்லை. கையால் வரைந்த எந்த எழுத்தும் அச்சாகும். நூற்றுக்கணக்கான அச்சுகள் தேவைப்பட்ட தமிழுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நம் அச்சு வரலாறுகள் போதிய அளவு பேசவில்லை. அவை தரங்கம்பாடி அச்சகத்தைப் பேசும். தாம்பூலப் பையைப் பேசா.

தாம்பூலப் பையை எடுத்துப் பாருங்கள். முரட்டுத் துணி, அகன்ற கண் வலை. மணமக்கள் பெயரில் புள்ளிகள் எழுத்தின் அளவுக்குப் பொருந்தாத பருமனில் இருக்கும். அதை ரசனைக் குறைவு என்று நானும் எண்ணியதுண்டு. இப்போது அது கைத்தேர்ச்சி என்று தெரிகிறது: மூடிக்கொள்ளப்போகும் புள்ளியை வரைபவர் முன்னரே பெருக்கி வைக்கிறார்.

நுண்புள்ளியையும் காக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகியோர் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலை 2006இல் வெளியிட்டது. கறுத்த கைத்தாளில் முழுவதும் கையால் திரை அச்சிடப்பட்ட நூல். கோண்டு ஓவியத்தின் உடலே புள்ளிகளும் மெல்லிய கீற்றுகளும்தான். அவை ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கின்றன.

இதை வகுப்பாசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, சட்டத்தை மீண்டும் கழுவி எடுத்தார். இம்முறை மின்விசிறியின் கீழ் இரவு முழுதும் உலர்த்தினோம். நச்சுத்தன்மை கொண்ட டைகுரோமேட்டைப் பள்ளிகள் தொடுவதில்லை. இது டையசோ பசை. ஓர் அட்டையைப் படிப்படியாக நகர்த்தி, ஒரே திரையை நான்கு பட்டைகளாகப் பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது விநாடி வெயிலில் காட்டினோம். பதினைந்தில் சுழிகளின் தீவுகள் பசையோடு கரைந்தன. அறுபதில் புள்ளிகள் மூடின. முப்பதில் 'சாத்தம்' முழுதாக வந்தது. வங்காள ரகரத்தின் புள்ளி அப்போதும் பாதிதான் திறந்தது. அதை எழுதிய மாணவி மூலப் படத்தை எடுத்துக்கொண்டு போய்க் கறுப்புப் பேனாவால் பெரிதாக்கிக்கொண்டு வந்தாள்.