ராகலைக் குளிரும் பிள்ளைச் சட்டையும்

இலங்கையின் மலைநாட்டில் எல்லா இடங்களிலும் மழை ஒரே காலத்தில் பெய்வதில்லை. அட்டன் பகுதியைத் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் நனைக்கின்றது. உடப்புசல்லாவை மலைகளை ஒட்டிய ராகலைக்கோ பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றோடு கார்த்திகை, மார்கழியில் வருகின்றது. ஆண்டின் குளிரும் ஆண்டின் மழையும் அங்கே கைகோத்து வருகின்றன. அந்த மாதங்களில் விடியற்காலைப் பெரட்டுக்குப் புறப்படும் தாய், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேற வேண்டும். அவள் திரும்பும் வரை பிள்ளையின் உடலில் சூடு தங்குமா என்பது சிறிய கேள்வியன்று.

இக்கேள்விக்கு விடை தேட அம்மக்கள் எந்த அனுபவமும் இன்றியே மலைக்கு வந்தார்கள். திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளில் வெயிலையும் வறட்சியையும் அறிந்திருந்தவர்கள் அவர்கள். உடுத்தியிருந்தது பருத்தித் துணி. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த தொடக்கக்காலத்தில் காய்ச்சலும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே சாய்த்தன. எஞ்சியவர்களைக் கோப்பித் தோட்டக் குளிர் எதிர்கொண்டது. 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது; கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலையோ கோப்பியைக் காட்டிலும் மேலே ஏறக்கூடிய பயிர். பயிர் ஏறிய உயரத்திற்குத் தொழிலாளரும் ஏறினர். 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், அடுத்த ஆண்டு ராகலை வரைக்கும் சிறுபாதை ரயில் ஓடத் தொடங்கியபோது, வழியிலிருந்த கந்தப்பளை நிலையம் 6,300 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் நின்றது. அந்த ரயில் 1940களில் நின்றுபோயிற்று, குளிர் நிற்கவில்லை.

தோட்டத்தார் குளிருக்குக் கண்ட மருந்து கறுப்புக் கம்பளி. தென்னிந்தியாவில் ஆடு மேய்க்கும் குறும்பர் முதலியோர் முரட்டு மயிரை நூற்றுத் தறியில் நெய்யும் அதே கம்பளி வகைதான். ஆங்கிலத் துரைமாரின் கணக்கேடுகளிலும் அது தமிழ்ப் பெயரோடேயே ஏறியது. கொடுத்தார்கள் என்றாலும் இனாமாகக் கொடுத்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. அதன் விலை தொழிலாளியின் பற்றில் ஏறிச் சம்பளத்திலிருந்து கழிந்தது. தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அது நல்ல துணை. குழந்தைக்கு அது உடையாகாது. தறியில் நெய்த முரட்டுத் துணி நெகிழ்ந்து கொடுக்காது, கழுத்தில் உறுத்தும், நனைந்தால் கனக்கும். விரிப்பாகலாம், போர்வையாகலாம், தவழும் பிள்ளையோ போர்வைக்குள் கிடப்பதில்லை.

அங்கேதான் பின்னலின் தேவை தெரிகின்றது. நெசவில் ஊடும் பாவும் நேராக ஓடுகின்றன. பின்னலில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து செல்வதால் துணி உடலோடு விரிந்து சுருங்குகின்றது. கண்ணிகளுக்குள் அடங்கும் காற்று சூட்டைக் காக்கின்றது. இக்கலையின் மிகப் பழைய சான்றுகள் எகிப்தில் கிடைத்தவை. அவற்றுள் நீலமும் வெண்மையுமான பருத்திக் காலுறைகள் உண்டு. கம்பளிக் கலை என்று நாம் எண்ணுவது பருத்தி நூலிலும் வளர்ந்தது என்பது தமிழருக்கு வியப்பாகாது. திருப்பூர்ப் பனியனும் பின்னல்தானே. 1589இல் வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் பின்னல் பொறியை அமைத்தார். எனினும் கைப்பின்னல் ஒழியவில்லை.

1853இல் மூண்டு 1856இல் முடிந்த கிரிமியப் போர், மலைநாட்டில் கோப்பி செழித்திருந்த காலத்தது. அப்போரின் நினைவு மூன்று உடைகளில் ஒட்டிக்கொண்டது. பாலக்லாவா என்னும் ஊரின் பெயர் முகம் மட்டும் தெரியும் தொப்பிக்கு வந்தது. நம்மவர் அதைக் குரங்குத் தொப்பி என்பர். கார்டிகன் பிரபுவின் பெயர் முன்புறம் திறக்கும் கம்பளிச் சட்டைக்கு வந்தது. ராக்லன் பிரபுவின் பெயர் கழுத்து வரை ஒரே துண்டாக ஏறும் கைக்கு வந்தது. படை நடத்துவதில் பெரும் பிழைகள் செய்த தளபதிகள் என்று வரலாறு குறைகூறும் இருவருடைய பெயர்கள் குழந்தைச் சட்டைகளில் வாழ்வது வேடிக்கைதான். ராக்லன் கை வளரும் பிள்ளைக்கு மிகவும் ஏற்றது. கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னினால், அடுத்த ஆண்டு அடிவிளிம்பைப் பிரித்து, நூல் சேர்த்து, நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் சட்டையைப் பின்னும் தாய் செய்யும் பிழைகள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓர் அங்குலத்துக்கு ஐந்து கண்ணி என்று எண்ணி நூறு கண்ணி போடுகின்றாள். இருபது அங்குலச் சுற்றளவு வரவேண்டும். கை இறுக்கமானால் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி விழும். அதே நூறு கண்ணி பதினெட்டு அங்குலத்துக்குச் சற்றே மிகும். சட்டை மார்பில் ஏறாது. மாதிரித் துண்டொன்றைப் பின்னி அளந்து பார்க்கும் பழக்கம் இந்தப் பிழையிலிருந்து பிறந்ததே. மற்றொன்று கழுத்து. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு; வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்கு. தன் உடலை மனத்தில் கொண்டு கழுத்தை முடிப்பவள், பிள்ளை தலை நுழையாமல் வீறிடும்போதுதான் கணக்கை உணர்கின்றாள். தோளில் பொத்தான் வைப்பது அதற்குப் பரிகாரம். மூன்றாவது பிழை வெந்நீர். ஆட்டு மயிரின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் உண்டு. கொதிநீரில் கசக்கினால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, சட்டை சுருங்கித் தடித்துவிடும். இந்தப் பிழை ஒன்றுக்கு மட்டும் மீட்சியில்லை.

ஏனையவற்றுக்கு மீட்சி உண்டு. நழுவிய கண்ணி ஏணிப்படிபோல் இறங்கிக்கொண்டே போனாலும், கொக்கி ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம். முழுச் சட்டையே பிழையானால் முழுதும் பிரிக்கலாம். கத்தரி பட்ட துணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கீழே சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். இரண்டாம் உலகப் போரில் நூல் அரிதானபோது பிரிட்டனின் அரசே பழைய சட்டைகளைப் பிரித்துப் பின்னுமாறு மக்களுக்கு எடுத்துரைத்தது. வறுமை வீடுகளுக்கு இந்த யோசனையை அரசு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1950களில் செயற்கை இழைகள் உலகச் சந்தையில் பரவின. மலிவான ஆயத்தச் சட்டைகள் பின்னர் கடைத்தெருக்களை நிறைத்தன. 1978க்குப் பின் இலங்கையில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. பிற நாட்டுப் பிள்ளைகளுக்கு உடை தைக்க மலைநாட்டு இளம்பெண்களும் சமவெளிக்கு இறங்கினார்கள். கைப்பின்னல் இன்று கட்டாயமன்று. ஆயினும் அக்காளின் சட்டையைப் பிரித்துத் தம்பிக்குப் பின்னும் தாயின் மடியில், ஒரு பழைய நூலுருண்டை இன்னும் உருளத்தான் செய்கின்றது. அவள் இம்முறை கழுத்துக்கு ஆறு கண்ணி கூட்டிப் போட்டிருக்கின்றாள்.