எழுதியவருக்குரிய கூலி

பத்திரிகை அலுவலகங்களில் சுயாதீன எழுத்தாளர்களின் சன்மானம் எப்போதும் கடைசியாகவே கணக்கிடப்படுவதை நான் நெடுங்காலம் கண்டவன். இணையம் வந்த பின்னரும் அவ்வழமை மாறவில்லை.

2001 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சுயாதீன எழுத்தாளர்களின் பத்திரிகைக் கட்டுரைகளை அவர்களது அனுமதியின்றி மின் தரவுத்தளங்களில் சேர்த்தது பதிப்புரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தது. நியூயோர்க் டைம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு எதிரான அவ்வழக்கை முன்னின்று நடத்தியவர் ஜொனதன் டசினி.

அவரே 2011 இல் மீண்டும் நீதிமன்றம் சென்றார். ஊதியமின்றி எழுதிய வலைப்பதிவர்களின் உழைப்பாலும் வளர்ந்த ஹபிங்டன் போஸ்ட் இணையத்தளத்தை, ஏஓஎல் நிறுவனம் அவ்வாண்டு 315 மில்லியன் டொலருக்கு வாங்கியிருந்தது. அதில் மூன்றிலொரு பங்கான 105 மில்லியன் டொலரை அவர் எழுதியவர்களுக்காகக் கோரினார். 2012 இல் வழக்குத் தள்ளுபடியானது. பணம் கிடைக்காது என்பதை அறிந்தே அவர்கள் எழுதினார்கள் என்றது நீதிமன்றம்.

முதல் வழக்கில் எழுத்தாளரைக் காத்தது, அவர் விட்டுக்கொடுக்காத உரிமை. இரண்டாவதில் அவரைத் தோற்கடித்தது, அவரே ஏற்றுக்கொண்ட நிபந்தனை.

2017 மே மாதம் நியூயோர்க் நகரில் நடைமுறைக்கு வந்த சட்டம், 800 டொலரும் அதற்கு மேலும் பெறுமதியான சுயாதீன வேலைகளுக்கு எழுத்துமூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. கொடுப்பனவுத் திகதி குறிக்கப்படாவிடின், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். ஆயினும், எவ்வளவு என்பதை அச்சட்டம் நிர்ணயிக்கவில்லை. அதனை எழுதுபவரே, முதல் வரியை எழுதுமுன் கேட்டு நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.