செந்நாயும் மிளாவும்: மான் யாருடையது?

மிளா என்ற சொல்லுக்கு நாஞ்சில் நாட்டில் அகராதி தேவையில்லை. தமிழகத்தின் பிற பகுதிகளில் கடமான் என்றும் கடம்பை மான் என்றும் வழங்கும் அந்தப் பெரிய மானை, தோவாளை தொடங்கிக் களக்காடு, அம்பாசமுத்திரம் வரையுள்ள மலையடிவார மக்கள் மிளா என்றே சொல்கிறார்கள். ஜெயமோகனின் ‘காடு’ நாவல் 2003இல் வெளிவந்த பிறகு இச்சொல் மலையைப் பார்த்திராத வாசகர்களுக்கும் பழக்கமாயிற்று. ஆனால் மிளாவைக் கொன்று தின்று வாழும் செந்நாயைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. யானைக்கும் புலிக்கும் நம் எழுத்தில் ஒரு மரபு உண்டு. நரிக்குப் பாட்டி சொன்ன கதைகளும் திருவிளையாடலும் உண்டு. செந்நாய்க்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. வாய்த்த இடத்திலும் கொடூரத்தின் உருவமாகவே அது வந்து போகிறது.

இந்தக் கொடூரப் பட்டம் எங்கிருந்து வந்தது, அதை அளித்தவர்கள் யார் என்று கேட்பது வீண் ஆராய்ச்சியன்று என நினைக்கிறோம். மானைக் கொல்லும் விலங்கைப் பற்றிய கருத்துகளை அடுக்கிப் பார்த்தால், அவற்றின் அடியில் வேறொரு கேள்வி கிடப்பது தெரிகிறது. அந்த மான் யாருடையது?

முதலில் விலங்கைப் பற்றிச் சில செய்திகள். செந்நாய் 12 முதல் 20 கிலோ எடையே உள்ளது. வளர்ந்த ஆண் மிளாவோ 200 கிலோவைத் தாண்டும். இந்த எடை வேறுபாட்டைச் செந்நாய் தன் கூட்டத்தால் ஈடுகட்டுகிறது. சீழ்க்கை போன்ற ஒலியால் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு புதர்க்காட்டில் கூட்டம் சிதறாமல் ஓடும். துரத்தப்படும் மிளா பல சமயம் நீரில் இறங்கி நின்று முன்கால்களால் எதிர்க்கும். புலியைப்போலக் கழுத்தைக் கவ்வி மூச்சடக்கும் ஆற்றல் செந்நாய்க்குக் கிடையாது. விலாவையும் பின்தொடையையும் கிழித்து வீழ்த்துகிறது. சில வேளைகளில் இரை உயிரோடிருக்கும்போதே தின்னவும் தொடங்கிவிடுகிறது. காண்பவர் நெஞ்சைப் பதறச் செய்யும் காட்சிதான். அதன்மேல் சுமத்தப்பட்ட பழிகள் யாவும் இந்த ஒரு காட்சியிலிருந்து கிளைத்தவை.

ஆனால் இதே காட்சியை நம் முன்னோர் வேறு விதமாகவும் பார்த்திருக்கிறார்கள். நற்றிணையின் 43ஆம் பாடலில் பசித்த செந்நாய் மரையைக் கொன்று தின்கிறது. அது தின்று எஞ்சிய இறைச்சி அரிய சுரத்தைக் கடந்து செல்லும் வழிப்போக்கர்க்கு உணவாகிறது. மரை எந்த விலங்கு என்பதில் உரைகாரரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். நமக்கு வேண்டியது அங்கே செந்நாய்க்குக் கிடைத்திருக்கும் இடம். குறுந்தொகையின் 56ஆம் பாடலில் செந்நாய் குடித்து எஞ்சிய கலங்கல் நீரைத் தலைவியும் பருக வருவாளாக என்கிறான் தலைவன். பாலையின் வெம்மையைச் சொல்லவே இவை பாடப்பட்டன; செந்நாயைப் புகழ்வது அப்புலவர்களின் நோக்கமன்று. ஆயினும் விலங்கின் எச்சில் மனிதனுக்கு உணவாகவும் நீராகவும் அமையும் ஓர் உலகம் அவர்களுக்கு இயல்பாக இருந்திருக்கிறது. அந்த உலகில் செந்நாய் மனிதனின் பங்கைத் திருடும் கள்வன் அல்ல. அதன் பந்தியில் மிஞ்சியதை மனிதன் எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

இது ஏட்டோடு நின்ற வழக்கமும் அன்று. நாங்குநேரியில் பிறந்த வனவிலங்கு அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். செந்நாய்கள் வீழ்த்திய மானை மனிதர்கள் எடுத்துச் செல்வதை அவர் பதிவு செய்திருக்கிறார். நற்றிணைப் பாடலுக்கும் இப்பதிவுக்கும் இடையே ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். காட்டில் வாழும் ஏழைக்கு அந்த நீண்ட காலமெல்லாம் செந்நாய் ஒரு வேட்டைக்காரத் துணையாகவே இருந்திருக்கிறது. துப்பாக்கியும் உரிமச்சீட்டும் இல்லாதவனுக்கு இறைச்சி கிடைக்க அதுவும் ஒரு வழி.

*

உரிமச்சீட்டு என்று சொன்னோம். அங்கேதான் கதை திரும்புகிறது.

1877இல் நீலகிரியில் ஆங்கிலேயர்கள் வேட்டை விலங்குகளுக்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1879இல், சென்னை அரசு நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. மிளாவும் வரையாடும் உரிமம் பெற்றவர் மட்டுமே, குறித்த பருவத்தில் மட்டுமே சுடத்தக்கவையாயின. பாதுகாப்பு என்ற சொல் நமக்கு இனிக்கலாம். யாருக்காகப் பாதுகாத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். கொம்பு முற்றிய மிளாவைச் சுட்டுச் சுவரில் மாட்டுவதற்காக அது பாதுகாக்கப்பட்டது. உரிமமின்றி அந்த மிளாவைக் கொன்ற பழங்குடி திருடனானான். உரிமம் கேட்கத் தெரியாத செந்நாய் பூச்சிபுழுக்களுக்கு இணையாக ஒழிக்கத்தக்க பிராணி ஆயிற்று. செந்நாய்த் தலைக்குப் பரிசு வைத்தார்கள். இந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் நீடித்தது.

தலைக்குப் பரிசு என்பது அக்காலத்தில் பெரும் அரசாங்கத் திட்டம். 1875 முதல் 1925 வரையான 50 ஆண்டுகளில் இந்தியாவில் 80,000க்கும் மேற்பட்ட புலிகளும் 1,50,000க்கும் மேற்பட்ட சிறுத்தைகளும் 2,00,000 ஓநாய்களும் பரிசுக்காகக் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். புலியும் ஓநாயும் மனிதரையும் மந்தையையும் தாக்குகின்றன என்ற காரணமாவது அங்கே இருந்தது. செந்நாயோ மனித வாடை பட்டாலே ஒதுங்கிப் போகும் விலங்கு. அது செய்த முதன்மைக் குற்றம் துரைமார் சுட வைத்திருந்த மானைத் தின்றது. ‘விளையாட்டு விதி தெரியாத கொலைகாரன்’ என்ற குரலில் வேட்டை நூல்கள் அதை ஏசின. 1895இல் வந்த கிப்ளிங்கின் இரண்டாம் காட்டுப் புத்தகத்தில் செந்நாய்க் கூட்டம் காட்டையே அழிக்க வரும் படையாக மாறிவிட்டது. பின்னர் பள்ளிப் பிள்ளைகள் வரை இறங்கிய பிம்பத்தின் ஊற்று இதுதான்.

*

நாஞ்சில் நாடு அப்போது சென்னை மாகாணத்தில் இல்லை. அது திருவிதாங்கூர் மன்னரின் நெற்களஞ்சியம். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளையும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களுக்கு மேலே மகேந்திரகிரியும் அசம்பு மலையும் நிற்கின்றன. அங்கே தேக்கும் கருங்காலியும் சந்தனமும் யானைத் தந்தமும் அரசின் உடைமைகளாக நெடுங்காலம் இருந்தன. 1860களில் அசம்பு மலையில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. இலைநோய் வந்து பலவும் அழிந்தன. கொல்லம் 1068இல், அதாவது 1893இல், திருவிதாங்கூர் தனக்கென வனச் சட்டம் கொண்டுவந்தது. 1897இல் தொடங்கிய பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்க, கீழே வயல்கள் செழித்தன. சமவெளிக்காரரின் சோற்றுக்கு மலை கொடுத்த விலை அது.

அந்த மலையில் காணிக்காரர்கள் இருந்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இலும் எல்.ஏ. கிருஷ்ண ஐயர் 1937இலும் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டி இரவெல்லாம் விளையைக் காத்தவர்கள் இவர்கள். மிளாவும் பன்றியும் ஒரே இரவில் ஓர் ஆண்டின் உழைப்பைத் தின்றுவிடும். விசாகம் திருநாள் காலத்தில் (1880-1885) திருவிதாங்கூரெங்கும் பரவிய மரச்சீனி, மலையடிவாரத்து ஏழைகளின் பஞ்சம் தீர்த்த கிழங்கு. பன்றிக்கும் அது விருந்தானது.

இந்த இடத்தில் நின்று பார்த்தால் செந்நாயின் முகம் முற்றிலும் மாறிவிடுகிறது. மலையடிவாரத்தில் மரச்சீனியும் வாழையும் பயிரிடுபவருக்கு மிளா காவியத்தலைவன் அன்று. விளைந்ததைத் தின்னும் வாய். அந்த வாயைத் துரத்தும் எந்த வாயும் அவருக்கு உதவியே. மலங்காட்டில் மாடு மேய்ப்பவருக்கோ அதே செந்நாய் கன்றைக் கொல்லும் பகை. ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில், அண்ணன் விளை வைத்திருப்பான், தம்பி மாடு வைத்திருப்பான். செந்நாயைப் பற்றி அவர்களிடம் ஒரே கருத்தை எதிர்பார்ப்பது நம் அறியாமை. கிராமத்தான் காட்டு விலங்கை வெறுக்கிறான் என்று நகரத்தில் சொல்கிறார்கள். கிராமத்தான் இயற்கையோடு இயைந்தவன் என்றும் அங்கேதான் சொல்கிறார்கள். இரண்டுமே அவனிடம் கேளாமல் சொன்னவை. அவன் கணக்குப் பார்க்கிறான். அந்தக் கணக்கில் கன்றுக்கும் கிழங்குக்கும் தனித்தனிப் பத்தி உண்டு.

*

கடல் கடந்தும் இதே வழக்குதான் நடந்தது. அமெரிக்கக் கூட்டரசு 1915 முதல் ஓநாயையும் கொயோட்டி என்னும் நரி இனத்தையும் ஒழிக்கப் பணம் ஒதுக்கியது. 1931இல் அதற்கென்றே சட்டம் இயற்றியது. ஓநாய் பெரும்பாலான மாநிலங்களில் அழிந்தது. கொயோட்டி அழியவில்லை, ஓநாய் விட்டுச்சென்ற நிலமெல்லாம் பரவி அட்லாண்டிக் கரை வரை வந்துவிட்டது. மான்குட்டிகளை அது தின்றுவிடுகிறது என்று வேட்டைக்காரர்களும், மான் பெருகித் தோட்டத்தைத் தின்கிறது என்று விவசாயிகளும் இன்றும் வாதிடுகிறார்கள். இளமையில் ஓநாய்களைச் சுட்ட வன அதிகாரி ஆல்டோ லியோபோல்ட், மறைவுக்குப் பின் 1949இல் வெளியான தன் நூலில் ஓர் உண்மையைச் சொன்னார். மான் ஓநாய்க்கு அஞ்சி வாழ்வதுபோல, மலை தன் மானுக்கு அஞ்சி வாழ்கிறது. ஓநாயற்ற மலையில் மான் பெருகிச் செடிகொடி அனைத்தையும் தின்று, கடைசியில் தானும் பசியால் மடிந்ததை அவர் கண்டிருந்தார்.

நம் பக்கம் அந்த மனமாற்றம் மெல்ல வந்தது. நீலகிரிச் சங்கத்தின் செயலாளராக இருந்த வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிடார், வேட்டையை விட்டுவிட்டு 1970களில் செந்நாயின் வாழ்க்கையை எழுதினார். திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் வேட்டைக்காரரின் கண்ணைக் கழற்றிவிட்டு விலங்குகளைப் பார்க்க ஒரு தலைமுறைக்குக் கற்பித்தார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும், 2008இல் 402 சதுர கிலோமீட்டரில் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமும் அமைந்தன. செந்நாய் இன்று உலக அளவில் அருகிவரும் இனம். முழு வளர்ச்சி பெற்றவை 949 முதல் 2,215 வரைதான் இருக்கும் என்பது 2015இன் மதிப்பீடு. வங்கப் புலியைவிடக் குறைவு. ஆயினும் அதற்கெனத் தனித் திட்டமோ முழக்கமோ இல்லை.

துப்பாக்கி ஓய்ந்த பிறகு நஞ்சு வந்தது. கன்றை இழந்தவர் எஞ்சிய உடலில் பூச்சிமருந்தைத் தடவி வைத்தால், திரும்பி வரும் கூட்டம் முழுவதும் மடியும். ஒன்றாக வேட்டையாடி, ஒன்றாக உண்டு, குட்டிகளுக்குக் கக்கி ஊட்டும் விலங்கின் குடும்பப் பாசமே அதற்கு எமனாகிறது. ஊர்நாய்களிடமிருந்து பரவும் வெறிநோயும் பிற தொற்றுகளும் வேறு. கன்றுக்குரிய இழப்பீடு தாமதமின்றிக் கையில் கிடைத்திருந்தால் அந்த நஞ்சுப்புட்டி திறந்திருக்காது என்று நம்புகிறோம். மாட்டுக்காரரைக் கொடியவர் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. இழப்பை அவர் ஒருவரே சுமக்க, காடு வாழ்வதன் பயனை நாம் அனைவரும் பெறுகிறோம் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

2025இன் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிகளைப் பற்றி ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அவற்றைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயிகளின் நெடுநாள் முறையீட்டின் பயன் இது. அதில் நியாயம் உண்டு. இந்தத் தொலைவுக் கணக்கைப் படிக்கும்போது நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. காட்டின் விளிம்பில் மிளாவையும் பன்றியையும் எல்லைக்குள் நிறுத்தும் வேலையைச் சம்பளமின்றிச் செய்த ஒரு கூட்டம் இருந்தது. அதன் தலைக்கு நூறாண்டுக் காலம் நாமே பரிசு கொடுத்தோம். இப்போது அந்த வேலைக்கு அரசாணை வேண்டியிருக்கிறது. செந்நாய் ரப்பர் தோட்டத்தையும் தார்ச்சாலையையும் கடந்து வந்து சமவெளி விவசாயியைக் காப்பாற்றிவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. மலையில் அதற்குரிய இடமாவது மிஞ்சவேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.

மான் யாருடையது என்று கேட்டோம். மன்னருடையது என்றது ஒரு காலம், துரையினுடையது என்றது ஒரு காலம், அரசினுடையது என்கிறது இக்காலம். சுரத்தைக் கடந்த அந்தப் பழைய வழிப்போக்கன் இவற்றில் எதையும் சொல்லமாட்டான். செந்நாய் உண்டு ஒழியும் வரை காத்திருந்து, எஞ்சியதை எடுத்துக்கொண்டு, தன் வழியே போயிருப்பான்.