புள்ளியில்லா ஐ

துருக்கி, அசர்பைஜானி, ககாவுஸ், கிரிமியத் தாத்தார் ஆகிய மொழிகளின் லத்தீன் நெடுங்கணக்கில் உள்ள உயிரெழுத்து. ஆங்கிலச் சிறிய ‘ஐ’யின் தலைப்புள்ளியை நீக்கினால் இதன் வடிவம் கிடைக்கும். துருக்கியில் 1928 நவம்பர் 1 அன்று நிறைவேறிய எழுத்துச் சட்டம் அறிமுகப்படுத்திய 29 எழுத்துகளுள் ஒன்று. அகரவரிசையில் புள்ளியுள்ளதற்கு முன்னால் நிற்கும்.

உதட்டைக் குவிக்காமல், நாவின் பின்பகுதியை உயர்த்தி ஒலிக்க வேண்டும். ‘பாக்கு’, ‘காடு’ என்பவற்றின் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் இதற்கு மிக நெருக்கமானது. தமிழருக்கு இது எளிதில் வாய்க்கும். புள்ளி வெறும் அலங்காரமன்று: ‘சினிர்’ என்ற துருக்கிச் சொல்லை இரு புள்ளிகளோடு எழுதினால் நரம்பு, இரண்டையும் நீக்கினால் எல்லை.

பெரிய எழுத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. இஸ்தான்புல்லின் முதலெழுத்து புள்ளியோடும், இஸ்பார்த்தா நகரின் முதலெழுத்து புள்ளியின்றியும் எழுதப்படும். கணினியில் தொல்லை தருவதும் இதுவே. புள்ளியில்லாச் சிறிய எழுத்துக்கு யூனிகோடில் 0131 என்ற தனிக் குறியெண் உண்டு. அதன் பெரிய வடிவமோ ஆங்கில ‘ஐ’யின் எண்ணையே பகிர்கிறது. ஆகவே அதைச் சிறிய எழுத்தாக்கும்போது, எந்த மொழி என்று அறியாத மென்பொருள் தவறாகப் புள்ளி வைத்துவிடும்.