ஒலி நேர நீட்சியில் செயலிச் சுமை

நேர நீட்சி என்பது, பதிவு செய்யப்பட்ட ஒலியின் சுருதியை மாற்றாமல் அதன் கால அளவை மட்டும் கூட்டும் அல்லது குறைக்கும் நுட்பம் ஆகும். ஒரு வேகத்தில் பதிவான தாளத்தை வேறு வேகத்தில் அமைந்த பாடலுடன் பொருத்துவதற்கு இசை மென்பொருள்களில் இது பயன்படுகின்றது. பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இந்த நீட்சியைக் கணிக்க வேண்டியிருப்பதால், கணினியின் செயலிக்கு மிகுந்த சுமை ஏற்படுகின்றது. சுமை எல்லை மீறினால் ஒலி துண்டுபட்டும் வெடிப்போசையுடனும் வெளிப்படும். மடிக்கணினியைக் கொண்டு மேடையில் இசைப்பவர்களுக்கு இது நிகழ்ச்சியையே குலைக்கக்கூடியது. இச்சுமையின் பெரும்பகுதி, பொருத்தமற்ற முறையைத் தெரிவு செய்வதாலும் ஒரே கணிப்பைத் திரும்பத் திரும்பச் செய்வதாலும் உண்டாவதாகும்.

வரலாறு

ஒலிநாடாவை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் பாடல் பாதி நேரத்தில் முடிந்துவிடும்; ஆனால் சுருதியும் ஒரு ஸ்தாயி உயர்ந்துவிடும். இவ்விரண்டையும் பிரிக்கும் வழியை, ஒலியைச் சிறு துணுக்குகளாகக் கருதிய டெனிஸ் காபோர் 1940களில் ஆராய்ந்தார். ஒளிப்படவியலில் முப்பரிமாணப் பதிவு முறையைக் கண்டதற்காக 1971 இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. 1954 ஆம் ஆண்டில் ஃபேர்பாங்ஸ், எவரிட், ஜேகர் ஆகியோர் சுழலும் தலை கொண்ட நாடாக் கருவியை விவரித்தனர். 1966 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளானகன், கோல்டன் ஆகியோர் ஃபேஸ் வோக்கோடர் என்னும் முறையை வெளியிட்டனர்.

1980களின் இறுதியில் வந்த அக்காய் எஸ்1000 போன்ற சாம்பிளர்களில் நேர நீட்சி இருந்தது. எனினும் பயனர் கட்டளையிட்டுவிட்டுக் கணிப்பு முடியும் வரை காத்திருக்க வேண்டும். 1998 இல் வெளிவந்த ஆசிட், 2001 இல் வெளிவந்த ஏபிள்டன் லைவ் முதலிய மென்பொருள்கள் காத்திருப்பை நீக்கி, ஒலிக்கும்போதே நீட்டும் வசதியைப் பரவலாக்கின. செயலிச் சுமை ஒரு சிக்கலாக உருவெடுத்தது அதன் பின்னரே.

முறைகளும் அவற்றின் செலவும்

மிக எளிய முறை வெட்டி ஒட்டுதல் ஆகும். ஒலியலை சில பத்து மில்லிநொடி நீளமுள்ள துணுக்குகளாக வெட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று சிறிது கவியுமாறு புதிய இடைவெளியில் அடுக்கப்படுகின்றது. அலைகள் நன்கு பொருந்தும் இடத்தைத் தேடி ஒட்டும் டபிள்யூ-சோலா என்னும் வடிவத்தை வெர்ஹெல்ஸ்ட், ரோலண்ட்ஸ் ஆகியோர் 1993 இல் முன்வைத்தனர். குரோமியம் உலாவியில் ஒரு காணொளிப் பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கும்போது ஆசிரியரின் குரல் கீச்சிடாமல் இருப்பது இம்முறையினாலேயே. தனிக் குரலுக்கு இது நன்கு பொருந்தும். பல கருவிகள் சேர்ந்தொலிக்கும் இசையில், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒட்டுமிடம் கிடைப்பதில்லை.

ஃபேஸ் வோக்கோடர் ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கட்டத்தையும் திருத்தி, மீண்டும் சேர்க்கின்றது. இதன் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒலியில், 4,096 மாதிரிகள் கொண்ட சட்டகம் ஒவ்வொரு முறையும் 1,024 மாதிரிகள் நகர்வதாகக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 43 சட்டகங்கள் அமையும். ஒவ்வொன்றுக்கும் நேர் உருமாற்றமும் எதிர் உருமாற்றமும் தேவை. ஆகவே ஸ்டீரியோத் தடம் ஒன்றுக்கு நொடிக்கு 172 உருமாற்றங்கள் ஆகின்றன. 20 தடங்களுக்கு ஏறத்தாழ 3,440. நேரடியாகக் கணித்தால் ஓர் உருமாற்றத்துக்கு 1 கோடியே 67 இலட்சம் பெருக்கல்கள் வேண்டும். 1965 இல் கூலி, டூக்கி ஆகியோர் வெளியிட்ட விரைவு ஃபூரியே உருமாற்றம் இதனை ஏறத்தாழ 49,000 என்னும் அளவுக்குக் குறைத்தது. அது இல்லையெனில் இம்முறையை நிகழ்நேரத்தில் பயன்படுத்துவது எண்ணிப் பார்க்கவே இயலாதது.

ஏபிள்டன் லைவில் உள்ள காம்ப்ளெக்ஸ் முறை, ஏனைய முறைகளைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு செயலி வளத்தைக் கோரும் என்று அதன் கையேடு குறிப்பிடுகின்றது. மத்தளத் தடத்துக்கு அம்முறையைப் பயன்படுத்துவது இரட்டை இழப்பாகும். சுமையும் கூடும், நீண்ட சட்டகத்துக்குள் அடியின் கூர்மையும் மழுங்கும். தாளத் தடத்தை ஒவ்வோர் அடியிலும் வெட்டி, துண்டுகளின் தொடக்க நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். 1994 இல் வெளிவந்த ரீசைக்கிள் மென்பொருள் செய்ததும் இதுவே. இதற்குக் கணிப்பு ஏறக்குறையத் தேவையில்லை.

சராசரியும் உச்சமும்

ஒலி, பஃபர் எனப்படும் சிறு தொகுதிகளாகவே ஒலி அட்டைக்கு அனுப்பப்படுகின்றது. 256 மாதிரிகள் கொண்ட பஃபர் ஒன்றை நிரப்பச் செயலிக்குக் கிடைக்கும் நேரம் 5.8 மில்லிநொடி மட்டுமே. மேற்கூறிய எடுத்துக்காட்டில் உருமாற்றம் 1,024 மாதிரிகளுக்கு ஒருமுறை நிகழ்வதால், நான்கு பஃபர்களில் ஒன்று முழுச் சுமையையும் தாங்க, மற்ற மூன்றும் ஓய்வாக இருக்கும். எல்லாத் தடங்களும் ஒரே கணத்தில் உருமாற்றம் செய்ய நேர்ந்தால், சராசரிச் சுமை குறைவாக இருக்கும்போதே ஒலி துண்டுபடலாம். சராசரியை மட்டும் காட்டும் சுமைமானி இதனை வெளிப்படுத்துவதில்லை. பஃபரை 1,024 ஆகப் பெரிதாக்கினால் சுமை சமமாகப் பரவும். ஆயின் இசைப்பதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதம் 23 மில்லிநொடிக்கு மேல் செல்லும். கலவை செய்பவருக்கு இது பொருட்டன்று. விசைப்பலகை வாசிப்பவர் இதனை உணர்வார்.

சுமையைக் குறைத்தல்

நீட்டப்பட்ட ஒலியைப் புதிய கோப்பாக எழுதிவிடுதலே மிகவும் பயன்தரும் வழி. உறைவித்தல் என்னும் பெயரில் பல மென்பொருள்கள் இதனை வழங்குகின்றன. அதன் பின்னர் செயலி கோப்பைப் படிப்பதோடு சரி. உறைவித்த பின் பாடலின் வேகத்தை மாற்றினால் நீட்சி மீண்டும் தேவைப்படும். ஆகவே வேகத்தை முதலில் உறுதி செய்து கொள்ளுதல் நன்று. கோப்பின் வேகமும் பாடலின் வேகமும் ஒன்றாகவே இருந்தாலும், சில மென்பொருள்களில் நீட்சிப் பொறி வீணாக இயங்கிக்கொண்டிருக்கும். அதனை அணைத்துவிட வேண்டும்.

பின்னணிக் குரல்கள் எட்டு இருப்பின், அவற்றை ஒரே ஸ்டீரியோத் தடமாகக் கலந்த பின் நீட்டினால் எட்டுக் கணிப்புகள் ஒன்றாகச் சுருங்கும். ஒரே தாளக் கருவியைப் பல ஒலிவாங்கிகளால் பதிந்திருந்தால் இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு: தனித்தனியே நீட்டும்போது தடங்களுக்கிடையே குலையும் கட்ட ஒற்றுமை இதில் காக்கப்படும்.

மாதிரி வீதத்தை 96,000 இலிருந்து 48,000 ஆகக் குறைத்தால் சுமை ஏறத்தாழப் பாதியாகும். பல உள்ளகங்கள் கொண்ட செயலியால் வெவ்வேறு தடங்களை இணையாகக் கணிக்க இயலும். ஒரே தடத்தில் நீட்சியும் அதனைத் தொடரும் விளைவுகளும் ஒன்றன் பின் ஒன்றாகவே நடைபெற வேண்டியிருப்பதால், அத்தடத்தை உள்ளகங்களின் எண்ணிக்கை காப்பாற்றாது.